அரை டேங்க் காட்டிய முள்

காவிரிப் பாலத்தின் நடுவில் கார் இரண்டு முறை திக்கியது. பிறகு சத்தமில்லாமல் நின்றுவிட்டது. காலை எட்டரை மணி. பின்னால் டவுன் பஸ், அதன் பின்னால் பள்ளி வேன், இரண்டும் ஹார்னை விடாமல் அடித்தன. அன்று என் கணவருக்குக் கண்ணில் ஊசி போடும் நாள். ஒன்பது மணிக்கு நாங்கள் கண் மருத்துவமனையில் இருந்திருக்க வேண்டும்.

சாவியைத் திருப்பிப் பார்த்தேன். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை.

"பெட்ரோல் இருக்கா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"அரைக்கு மேல இருக்கு."

"நல்லாப் பாரு."

"பார்த்துட்டுத்தாங்க சொல்றேன். முள்ளு அரைக்கு மேல நிக்குது."

அவர் கதவைத் திறந்து இறங்கினார். எனக்கு உயிரே போய்விட்டது. சர்க்கரை நோயால் அவருக்குக் கண்ணின் உட்திரை வீங்கி, நேர்ப் பார்வை மங்கிப்போயிருந்தது. ஓரப் பார்வை உண்டு. என்னைப் பார்க்க வேண்டுமானால் என் காதைப் பார்ப்பதுபோல் தலையைத் திருப்புவார். அப்படிப்பட்ட மனிதர் பஸ்கள் உரசிக்கொண்டு போகும் பாலத்தில், காரின் உடம்பைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போனார். கண்ணாடியில் பார்த்தேன். பின்கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, தலையைக் குனிந்து, தள்ள ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்தில் வந்த ஓர் ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்தார். "சார், நீங்க விடுங்க. அக்கா, கியரை எடுத்துட்டு ஸ்டியரிங்க மட்டும் பிடிங்க" என்றார். என் கணவர் விடவில்லை. இருவருமாகத் தள்ளிப் பாலத்தின் ஓரத்தில் சேர்த்தார்கள்.

ஆட்டோக்காரர் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். காரைத் தோளால் ஒரு அசைப்பு அசைத்துவிட்டு மறுபடி கேட்டார். "ஒரு பொட்டு இல்லக்கா" என்றார்.

"இல்லைங்க, அரை டேங்க்..."

"முள்ளு பொய் சொல்லுதுக்கா. இருங்க, வாங்கிட்டு வரேன்."

தன் ஆட்டோவில் இருந்த கேனில் பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றினார். கார் கிளம்பியது. முள் அப்போதும் அரைக்கு மேலேதான் நின்றது, இறங்கவுமில்லை ஏறவுமில்லை.

எனக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எட்டு மாதத்துக்கு முன்புதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். ஆசைப்பட்டுக் கற்றதில்லை. ஒருநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் அருகே அவர் சிக்னலில் நின்ற பைக்கை இடிக்கப் போனவர், கடைசி நொடியில் நான் கத்தவும் பிரேக் போட்டார். வீட்டுக்கு வந்து சாவியை டிவி மேல் வைத்தார். அதன்பிறகு அவர் அதைத் தொடவில்லை. நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

மருத்துவமனையில் எங்கள் டோக்கன் தாண்டிப்போயிருந்தது. மதியம் வரை காத்திருக்கச் சொன்னார்கள். நர்ஸ் வந்து அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மூடிக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டுப் போனார். வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பேர் அதேபோல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வாய் ஓயாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக அந்த முள் அரைக்குக் கீழே வரவே இல்லை. கணக்கு டீச்சருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் சிக்கனமாக ஓட்டுகிறேன் என்று உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"உன் தப்பு இல்ல" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"பின்ன?"

கையில் இருந்த மருந்துச் சீட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"அந்த முள்ளு அப்படித்தான். ரெண்டு வருஷமா அரைக்கிட்ட வந்து நின்னுக்கும். ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கினா டொக்குனு கீழ வந்துடும். எனக்குத் தெரியும்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது. "தெரிஞ்சுமா எங்கிட்ட சொல்லல?"

"அதான் வாரா வாரம் பெட்ரோல் போடு, பெட்ரோல் போடுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே."

உண்மைதான். எட்டு மாதமும் அவர் மனதுக்குள் கிலோமீட்டர் கணக்கு வைத்துக்கொண்டு, "இன்னைக்கு பெட்ரோல் போட்டுடும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான்தான் ஒருநாள் பள்ளியிலிருந்து ஏதோ எரிச்சலோடு வந்தவள், "எனக்கு முள்ளு பார்க்கத் தெரியாதா? எதுக்கெடுத்தாலும் பாடம் நடத்தாதீங்க" என்று கடிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை. அது நடந்து சரியாக மூன்று வாரம்.

"சரி, நான் கத்தினேன். ஆனா முள்ளு ரிப்பேர்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்லையா?"

மூடிய இமைகளுக்கு அடியில் அவர் கண்கள் அசைந்தன. "சொல்லணும்னு நெனப்பேன். அதையும் சொல்லிட்டா வண்டியை முழுசா உன்கிட்ட கொடுத்த மாதிரி ஆயிடும். இனிமே எனக்கு அதுல ஒண்ணும் இல்லைன்னு ஆயிடும். அந்த ஒரு விஷயமாவது எங்கிட்ட இருக்கட்டும்னு..."

முடிக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் காதில் விழுந்திருக்கும். அவரும் கண்ணை மூடியபடி அசையாமல் இருந்தார். நான் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், அவர் கையில் இருந்த மருந்துச் சீட்டை வாங்கி, மடிப்பைப் பிரித்து நீவிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் நாங்கள் தேவைக்கு மட்டும் பேசினோம். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, திங்கட்கிழமை காரை மெக்கானிக்கிடம் விட்டுவிடப்போகிறேன் என்றேன்.

"விடு. அதுக்கு முன்னாடி நாமளே ஒண்ணு பார்த்துடலாம்" என்றார். "முள்ளுல கோளாறா, ஒயர்லயா, டேங்குக்குள்ளயான்னு தெரியாமப் போனா, எல்லாத்தையும் மாத்தணும்னுதான் சொல்வாங்க."

அவர் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற ஆறாவது மாதம் கண் இப்படியானது. தன் டூல் பெட்டியை அவர் அதற்குப் பிறகு திறந்து நான் பார்க்கவில்லை. ஞாயிறு காலை கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுத்துக்கொண்டு வந்தார்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. வாசலில் கார் நின்றது. காவிரியில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு போகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். நான் பின் சீட்டின் அடிப்பாகத்தைத் தூக்கினேன். அடியில் இருந்த விரிப்பை விலக்கியதும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு தகர மூடி தெரிந்தது. அதைத் திறந்தால் பெட்ரோல் டேங்கின் மண்டை. அதிலிருந்து ஒரு கற்றை ஒயர் வெளியே வந்தது.

"வாசனை வருதா?"

"லேசா வருது."

"நாலு கதவையும் திறந்துவிடு. கொஞ்சம் காத்தாடட்டும். டேங்கை நாம திறக்கப் போறதில்ல, பயப்படாத."

பயம்தான். நெருப்பு, பெட்ரோல், மின்சாரம் மூன்றையும் பற்றிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை செய்தே பழகியவள் நான். கால் மணி நேரம் கழித்து அவர் ஒயரின் மேல் விரலை ஓட்டினார். "நாலு ஒயர் இருக்கும். ரெண்டு தடிமன், அது பம்ப்புக்கு. ரெண்டு மெல்லிசு, அதுதான் முள்ளுக்கு. உள்ள ஒரு மிதவை இருக்கு, நாங்க ஃப்ளோட்னு சொல்வோம். பெட்ரோல் ஏறினா அதுவும் ஏறும், எறங்கினா எறங்கும். அது எங்க நிக்குதுன்னு இந்த ஒயர் வழியா முள்ளுக்குச் சேதி போகும்."

ஒயரை டேங்கோடு சேர்க்கும் கனெக்டரை என்னை உருவச் சொன்னார். நகத்தால் நெம்பி உருவினேன். முன்னால் போய்ச் சாவியைத் திருப்பச் சொன்னார், இஞ்சினைக் கிளப்பாமல்.

"முள்ளு என்ன சொல்லுது?"

மூன்று வாரமாக அசையாத முள் மெல்லக் கீழே சரிந்து, அடியில் போய்ப் படுத்தது. "விழுந்துடுச்சுங்க!" என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது, அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருந்தேன்.

"இப்ப பாரு."

அவர் பின்னால் ஒரு சின்ன ஒயர் துண்டால் கனெக்டரின் இரண்டு மெல்லிய முனைகளையும் சேர்த்துப் பிடித்தார். அதற்கு அவருக்குக் கண் வேண்டியிருக்கவில்லை. விரல் நுனியே போதுமாக இருந்தது. முள் எழுந்தது. அரையைத் தாண்டியது. முக்கால். மேல் கோட்டைத் தொட்டு நின்றது.

"ஏறுது... ஏறுது... ஃபுல்லு!"

"அப்ப முள்ளு மேல குத்தமில்ல. ஒயர் மேலயும் இல்ல. கோளாறு டேங்குக்குள்ள" என்றார். பின் சீட்டு இருந்த இடத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தவர் முகத்தில் வியர்வை வழிந்தது. எட்டு மாதத்தில் நான் பார்க்காத ஒரு முகம் அது. சொல்லப்போனால் எங்களுக்குக் கல்யாணமான புதிதில், கரண்ட் போன வீடுகளுக்கு அக்கம்பக்கத்தார் கூப்பிட்டால் போய்விட்டு வருவாரே, அந்த முகம்.

டேங்கைத் திறக்கும் வேலை வீட்டு வாசலில் செய்யக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மறுநாள் நான் அரை நாள் லீவு போட்டேன். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் காரைப் பல வருடமாகப் பார்த்துவரும் மெக்கானிக்கிடம் போனோம். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. என் கணவர் கையில் டூல் பெட்டியோடு இறங்குவதைப் பார்த்து, "என்ன சார், எனக்குப் போட்டியா?" என்று சிரித்தார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "முழு செட்டையும் மாத்திடலாம் சார். சொல்லிவிட்டா பத்து நாள்ல வந்துடும்" என்றார்.

"மாத்தலாம். முதல்ல வெளிய எடுங்க. கையில வச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

மெக்கானிக் காரைத் திறந்த வெளியில் நிறுத்தினார். பம்ப்பின் ஒயரைக் கழற்றிவிட்டு, குழாயில் மிச்சம் இருந்த பெட்ரோல் தீரும்வரை இஞ்சினை ஓடவிட்டு, அது தானாக அணைந்ததும் பேட்டரியையும் கழற்றினார். பிறகு டேங்கின் மேல் இருந்த பெரிய வளையத்தைத் திருகி எடுத்து, உள்ளே இருந்ததை வெளியே தூக்கினார். ஒரு முழ உயரத்துக்குக் கறுப்பான பிளாஸ்டிக் கூடு. அதன் பக்கவாட்டில் மெல்லிய கம்பி. கம்பியின் முனையில் தீப்பெட்டி அளவு மிதவை. பெட்ரோல் நன்றாக வடிந்து காயும்வரை வெயிலில் ஒரு தட்டில் வைத்தார்.

என் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து அதை மடியில் துணி விரித்து வாங்கிக்கொண்டார். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பொருத்திவிட்டு, மீட்டரை என் கையில் கொடுத்தார். "நான் கம்பியை மெதுவா எறக்கறேன். நம்பரைப் படி. நடுவுல எங்கயாவது குதிச்சா, காணாமப் போனா சொல்லு."

படித்தேன். மேலே பத்துக்குப் பக்கத்தில் ஆரம்பித்தது. இருபது, முப்பத்தைந்து, ஐம்பது, எழுபது. கடைசியில் நூற்றுச் சொச்சம். குதிக்கவில்லை, காணாமலும் போகவில்லை. மறுபடி மேலிருந்து. மறுபடியும் அதே.

மெக்கானிக் கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். அப்புறம் ஏன் நிக்குது?"

"அதான் எனக்கும் தெரியல" என்றார் என் கணவர்.

கொஞ்ச நேரம் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். உண்மையில் இரண்டு பேர்தான் பார்த்தோம். அவர் தலையைத் திருப்பி மதுரை ரோட்டுப் பக்கம் பார்த்தபடி, விரல்களால் அந்தக் கூட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மடியில் சாய்ந்திருந்ததை நிமிர்த்தி வைத்தார். டேங்குக்குள் அது எப்படி நிற்குமோ அப்படி. கம்பியை மேலே தூக்கி, விட்டார்.

அது தன் எடையில் இறங்கி வந்தது. அரைக்குச் சற்று மேலே நின்றது.

"நின்னுடுச்சுங்க" என்றேன்.

"தெரியுது." அவர் விரல் கம்பிக்கும் கூட்டுக்கும் நடுவில் போனது. "இங்க ஒரு கோடு இருக்கு பாருங்க."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே சார். ஒரே கறுப்பா இருக்கு."

"கண்ணுக்குத் தெரியாது. தொட்டுப் பாருங்க." பிறகு என் பக்கம் கையை நீட்டினார். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, பெட்ரோல் வாசனை அடிக்கும் அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். முதலில் வழவழப்பு. பிறகு தலைமுடி அளவுக்கு ஒரு பள்ளம். "இருக்கு" என்றேன்.

"கம்பி லேசா உள்பக்கம் வளைஞ்சிருக்கு. எறங்கும்போது இங்க உரசி, உரசி, ஒரு பள்ளம் பண்ணிக்கிட்டு, அதுலயே போய் உக்காந்துக்குது. குலுக்கினா விடுபடுது."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ரெண்டு வருஷம் முன்னாடி பம்ப் மாத்தினது நாந்தான் சார். மறுபடி உள்ள எறக்கும்போது கம்பி டேங்கு வாயில மாட்டிச்சு. கொஞ்சம் அழுத்தித்தான் எறக்கினேன். அப்ப வளைஞ்சிருக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா சார், ஒரு குலுக்கல்ல விடுபடற கோளாறு. இந்த ஊர் ரோட்டுல மூணு வாரம் எப்படி நின்னுச்சு? மேடம் ஸ்பீட் பிரேக்கரே ஏறலையா?" என்று கேட்டார்.

"அவ ஓட்டற வண்டியில தண்ணி டம்ளர் வச்சாலும் சிந்தாது" என்றார் என் கணவர் சிரித்துக்கொண்டே. "ஆமை மாதிரிதான் போவா. ஓட்டறதுக்குப் புதுசுதானே."

புதுசு என்பதால் இல்லை. முதல் ஊசி போட்ட அன்று நான் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தபோது, மாம்பழச் சாலை அருகே ஒரு மேட்டில் கார் தூக்கிப்போட்டது. அவர் "ஸ்" என்று கண்ணைப் பொத்திக்கொண்டார். குலுங்கக்கூடாது என்று டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு மேட்டிலும் நான் முதல் கியருக்கு மேல் ஏறியதில்லை. அவர் இல்லாமல் தனியாகப் போனாலும் அந்தப் பழக்கம் காலில் நின்றுவிட்டது. பாலத்தில் இரண்டு இரும்புப் பட்டைகள் சேரும் இடத்தில்கூட, பின்னால் வருகிறவர்கள் திட்டத் திட்ட, ஊர்ந்துதான் தாண்டுவேன்.

இதை மெக்கானிக்கிடம்தான் சொன்னேன். ஏனோ அந்த மனிதரைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

என் கணவரின் சிரிப்பு நின்றுவிட்டது. கையில் இருந்த கம்பியைத் தடவிக்கொண்டே இருந்தார். "அதுக்கா?" என்றார். "நான் உனக்கு க்ளட்ச் இன்னும் சரியா வரலைன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"க்ளட்ச் எல்லாம் எப்பவோ வந்துடுச்சு."

மெக்கானிக் டீ சொல்லப் போகிறேன் என்று நகர்ந்து போனார். நல்ல மனிதர்.

என் கணவர் என் காதைப் பார்த்தார். அதாவது என்னைப் பார்த்தார். பிறகு, "மூக்குக் குறடை எடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். கம்பியின் வளைவைக் குறடால் பிடித்து, வெளிப்பக்கமாக ஒரு நெல்லளவு நெம்பினார். கூட்டை நிமிர்த்திவைத்து, கம்பியைத் தூக்கி, விட்டார். அரையைத் தாண்டியது, கால் பங்கில் தயங்கியது. இன்னும் ஒரு நெம்பு. இந்த முறை மிதவை மேலிருந்து ஒரே சீராக இறங்கி, அடியில் டக் என்று தட்டியது. மூன்று முறை விட்டுப் பார்த்தார். நான் மூன்று முறையும் நம்பரைப் படித்தேன். பள்ளத்தை மெக்கானிக் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்கினார். புது ரப்பர் வளையம் போட்டு, இந்தத் தடவை அழுத்தாமல், குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் இறக்கினார்.

பேட்டரியை மாட்டியதும் சாவியைத் திருப்பினேன். முள் கால் டேங்குக்கும் கீழே காட்டியது. பக்கத்து பங்க்கில் பத்து லிட்டர் போட்டோம். முள் ஏறியது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். பெட்ரோல் குறையக் குறைய ஒழுங்காக இறங்கியது.

அவர் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலது கண்ணில் வீக்கம் வற்றியது, பார்வை இருந்த அளவில் நின்றது. இடது கண்ணில் முன்னேற்றம் இல்லை. இனிமேல் வண்டி ஓட்ட முடியாது என்று டாக்டர் வெளிப்படையாகச் சொன்னார். அவர் தலையாட்டிக்கொண்டார். டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதத்தை நான் படித்துக் காட்டியபோது, "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

அன்று மாலை ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வரச்சொன்னார்.

"எழுதிக்கோ. இடது பின் கதவு கண்ணாடி மழைக்காலத்துல ஏறாது. கையால தூக்கிக்கிட்டே பட்டனை அழுத்தணும். ரெண்டாவது, ஏசியை மூணுல வச்சா ஒரு சத்தம் வரும், அது ஒண்ணும் இல்ல. மூணாவது, ரிவர்ஸ் விழலைன்னா ஒரு தடவை முதல் கியர் போட்டுட்டுப் போடு."

எழுதிக்கொண்டே வந்தேன். பதினான்கு விஷயங்கள். பத்து வருடம் அவர் மட்டுமே தெரிந்து வைத்திருந்தவை. சில நான் கேட்டிராதவை, சில எட்டு மாதத்தில் நானே கண்டுபிடித்து அவரிடம் சொல்லாமல் இருந்தவை.

"அவ்வளவுதானா?"

யோசித்தார். "ஹார்ன். அது வேலை செய்யுதான்னு எனக்குத் தெரியாது. நீ அடிச்சு நான் ஒருநாள்கூடக் கேட்டதில்ல."

இருவரும் வாசலுக்குப் போனோம். அவர் என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் ஹார்னை அழுத்தினேன். எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "எங்க கிளம்பிட்டீங்க?" என்றார்.

எங்கேயும் கிளம்பவில்லை. ஆனால் கேட்டபிறகு சும்மா இருக்கத் தோன்றவில்லை. "கொள்ளிடக்கரை வரைக்கும் போயிட்டு வரோம்" என்றார் என் கணவர், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி.